கேப்டனின் இடது முழங்கால்

கம்பெனிச் செய்தி மலருக்குப் பழைய ஃபுட்பால் டீமைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மறக்க முடியாத கோல்களைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். நான் கோல் பார்த்ததே குறைவு. இருபது வருஷத்துக்கு மேல் அந்த டீமோடு போய் வந்தவன்தான். ஆனால் கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவன் நொண்டுகிறான், எவன் நொண்டுவதை மறைக்கிறான் என்று பார்ப்பதுதான் என் வேலை. பந்து வலைக்குள் போய் மைதானமே கத்தும்போது, இந்தப் பக்கம் விழுந்தவன் ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். ஆகவே எனக்குத் தெரிந்த முழங்கால்களைப் பற்றி எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஜயதசமி ஆட்டம் முடிந்து பத்து நாளாகிறது. அந்த மனிதர்கள் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு லேத், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது ஒரு ஃபுட்பாலுக்கும் வைப்பார்கள். அன்றைக்கு அதை யாரும் உதைக்கக் கூடாது. மறுநாள் காலை பழைய டீமுக்கும் இப்போது வேலையில் இருப்பவர்களுக்கும் ஆட்டம். பழைய டீமின் கேப்டன்தான் முதல் உதை உதைக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் வழக்கம் வந்த காலத்தில் பழைய டீம் என்றால் நாற்பது வயது. இப்போது அதே ஆட்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கேட்டால், "நாங்கதாம்பா பழைய டீமு, அவனுங்க எப்படி பழைய டீமாவானுங்க?" என்கிறார்கள்.

கோல்கீப்பர் குப்புசாமிக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கீழே விழுந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். ஆனாலும் விழுவான். ரைட் அவுட் முனிரத்தினம் தளி என்ற ஊரில் ரோஜாவும் கோஸும் பயிர் போடுகிறவன். சர்க்கரை நோய். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டால் ஓட முடியாது என்று வெறும் வயிற்றில் பஸ் ஏறி வருவான். என் பையில் டேப், ஐஸ், குளுக்கோஸ், பிஸ்கட், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எல்லாம் இருக்கும். போன வருஷம் இருபது நிமிஷமாகக் குறைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆஃப்சைடு இல்லாமல் ஆடுங்கள், ஓட்டம் குறையும் என்றும் சொன்னேன். ஏதோ அவர்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசியதுபோல் கேப்டனையும் சேர்த்து மூன்று பேரும் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைத்து, கட்டுப் போடுவதை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆறு நாள் முதலுதவி வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கினேன். அதை வைத்துத் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனி முதலுதவி அறையில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. அவ்வளவுதான் என் பயிற்சி. எல்லோரும் என்னை டிஞ்சர் என்று கூப்பிட்டார்கள். மாணிக்கம் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அப்போது எங்கள் டீமுக்கு ஷிப்ட் டீம் என்று பெயர். காலை ஷிப்ட் முடிந்ததும் காலில் எண்ணெய்ப் பிசுக்கோடு மைதானத்துக்குப் போய் ஆடுவார்கள். பர்கூர் தொடங்கி எல்லை தாண்டி ஆனேக்கல் வரைக்கும் ஷிப்ட் டீம் வருகிறது என்றால் கடையை அடைத்துவிட்டு வந்து பார்க்கும் கூட்டம் இருந்தது. பெங்களூர்க் கம்பெனி டீம்கள் பெரிய மைதானம், பூட்ஸ், கோச் எல்லாம் வைத்திருந்தன. எங்களிடம் இருந்தது ஆரோக்கியசாமி.

ஆரோக்கியசாமி கேப்டன், ஸ்டாப்பர் பேக். பர்கூர் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமம். ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷனில் உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து தொண்ணூறு நிமிஷம் ஆடுவான். அவனைத் தாண்டிப் பந்து போனதென்றால் அது அவன் விட்ட பந்து என்று பேச்சு.

கம்பெனி டாக்டர் ஒரு அம்மா. வாரம் இரண்டு நாள் பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். கன்னடக்காரர், தமிழ் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பேசுவார்கள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர்களிடம் ஒரு முறை இருந்தது. எந்தக் கேள்வியையும் மூன்று தடவை கேட்பார்கள். அதே வார்த்தை, அதே குரல். "வலி இருக்கிறதா?" இல்லை மேடம். நோட்டில் ஏதோ எழுதுவார்கள். "வலி இருக்கிறதா?" கொஞ்சம் மேடம். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்கள். "வலி இருக்கிறதா?" அதற்குள் எதிரில் இருப்பவன் அழுகிற மாதிரி ஆகி உள்ளதைச் சொல்லிவிடுவான். என்னிடம் ஒருமுறை சொன்னார்கள், "முதல் பதில் சூப்பர்வைசருக்கு. இரண்டாவது பொண்டாட்டிக்கு. மூன்றாவதுதான் எனக்கு."

ஃபுட்பால்காரர்களிடம் அது மட்டும் போதவில்லை. வியாழக்கிழமை டாக்டர் பார்த்து, அடிபட்ட காலைக் குறித்துவிட்டுப் போவார்கள். ஆட்டத்தன்று காலையில் நான் சோதிக்க வேண்டும். முதலுதவி அறையின் பின்படியில் அடிபட்ட ஒற்றைக் காலில் நிற்க வைத்து, சுவரைத் தொடாமல் பத்துக் குதி. "காலைப் பார்க்காதே, முகத்தைப் பார்," என்பது டாக்டர் சொல்லிக் கொடுத்தது. முகம் சுளிக்காமல் குதித்தால் சீட்டில் பெயரும் எந்தக் கால் என்பதும் எழுதி, சரி என்று கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் ஆட முடியாது.

முதல் வருஷமே குப்புசாமி நல்ல காலில் குதித்துக் காட்டி என்னை ஏமாற்றிவிட்டான். அதற்குப் பிறகு டாக்டர் ஒரு வழி செய்தார்கள். வாய்ப்புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து இருக்கிறதே, அதைப் பஞ்சில் தொட்டு அடிபட்ட முழங்காலுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னார்கள். சோப்புப் போட்டாலும் நாலைந்து நாள் போகாது. குறி உள்ள காலில்தான் குதிக்க வேண்டும். நான் பயந்த சுபாவம், அதனால் பெருக்கலுக்கு நடுவில் என் பங்குக்கு ஒரு புள்ளியும் வைப்பேன்.

பெங்களூரின் ஒரு பெரிய கம்பெனி டீமோடு கிருஷ்ணகிரியில் ஃபைனல் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அவர்களிடம்தான் தோற்றிருந்தோம். ஃபைனலுக்கு நாலு நாள் முன்னால் ஆரோக்கியசாமிக்கு இடது முழங்கால் திருகிக்கொண்டது. வியாழக்கிழமை பார்க்கும்போது தேங்காய் போல வீங்கியிருந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார்கள். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் இல்லை என்ற ஒரே ஆள் அவன்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே நோட்டில் 'இடது' என்று எழுதி, "பத்துக் குதி குதித்தால் ஆடட்டும்," என்றார்கள். நான் குறி போட்டேன். புள்ளியும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. ஆரோக்கியசாமி அரை டவுசரோடு பின்படிக்கு வந்தான். வலது முழங்காலுக்குக் கீழே ஊதாப் பெருக்கல் இருந்தது. புள்ளி இல்லை. இடது முழங்காலில் கத்தரிப்பூ நிறத்தில் மங்கலாக ஒரு கறை. ஸ்பிரிட் வாசனை. என் அலமாரியில் இருந்த ஸ்பிரிட்தான், ராத்திரி டூட்டியில் யாரோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

உள்ளே மேஜைமேல் நோட்டு இருந்தது. நாலு எட்டு வைத்துத் திறந்து பார்த்தால் 'இடது' என்று இருக்கும். பார்க்கவே வேண்டாம், எனக்குத்தான் தெரியுமே. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் காலைப் பார்த்தேன். அவன் வலது காலில் குதிக்க ஆரம்பித்தான். பத்துச் சொன்னால் பன்னிரண்டு குதித்தான்.

கேப்டனை நிறுத்திய அட்டெண்டர் என்று திங்கட்கிழமை கேண்டீனில் என்னை என்ன செய்வார்கள் என்று பயம் இருந்தது. எட்டாவது படித்தவனுக்கு வேறு எங்கே இந்த வேலை கிடைக்கும் என்ற பயமும் இருந்தது. ஆனால் பயத்தால் விட்டேன் என்று சொன்னால் பாதி பொய். எனக்கும் அந்தக் கப் வேண்டியிருந்தது.

சீட்டில் 'ஆரோக்கியசாமி, முழங்கால் சரி' என்று எழுதினேன். எந்தக் கால் என்று எழுதவில்லை.

முதல் பாதியில் முனிரத்தினம் கோல் போட்டான் என்று சொல்கிறார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் அவர்கள் கார்னர் அடித்தார்கள். ஆரோக்கியசாமி எழும்பித் தலையால் முட்டினான். இறங்கியது இடது காலில். அவன் கையை ஊன்றாமல் விழுந்ததை மட்டும் பார்த்தேன். கையை ஊன்றாமல் விழுகிறவன் உடனே எழுந்திருக்க மாட்டான். மாற்று ஆள் எல்லாம் இறங்கியாகிவிட்டது. கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு மீதி நேரம் நின்றே கழித்தான். ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம்.

கேண்டீனில் மாட்டியிருக்கிறதே அந்தப் போட்டோ, குப்புசாமியும் முனிரத்தினமும் கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பது. சந்தோஷத்தில் தூக்கினார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவனால் நிற்க முடியவில்லை, அதனால் தூக்கினார்கள். நன்றாகப் பாருங்கள், இடது கால் தொங்குகிற விதம் தெரியும்.

பெங்களூரில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு அவன் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. உலைக்கு முன்னால் நிற்கவும் முடியாமல் டூல் ஸ்டோர் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். ரிட்டயர் ஆகும் வரை அங்கே இருந்துகொண்டு ஸ்பேனர் கொடுத்தான், வாங்கினான். நான் டீ குடிக்கப் போகும்போது ஸ்டோர் வழியாகப் போகாமல் பாயிலர் பக்கமாகச் சுற்றிப் போவேன்.

அந்த வாரம் டாக்டர் வந்ததும் அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தார்கள்.

"இதில் எந்தக் கால்?"

"அவசரத்தில எழுத விட்டுப்போச்சு மேடம்," என்றேன்.

நோட்டைத் திறந்து, தேதியைத் தேடி வைத்தார்கள். "இதில் எந்தக் கால்?"

"அவசரம் மேடம். பஸ் நின்னுட்டிருந்திச்சு."

கண்ணாடியைத் துடைத்தார்கள். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே பதில்தான் சொன்னேன். சீட்டை மடித்து நோட்டின் அந்தப் பக்கத்தில் வைத்து மூடினார்கள். என்னைத் திட்டவில்லை, மேலே எழுதிப் போடவும் இல்லை. அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களே பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பின்படியில் நின்று குதிக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படியேதான். ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இனி இந்த வருஷத்துக் கதை.

இப்போதிருக்கும் பர்சனல் ஆபீசர் சின்ன வயசு அம்மா. அறுபது வயதுக்காரர்கள் ஆடுவதென்றால் முதலுதவி தெரிந்தவர் ஒவ்வொருவரையும் பார்த்து ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரியான பேச்சு. பழைய டீம் கூடிப் பேசி, எங்களுக்கு டிஞ்சர்தான் வேண்டும், வேறு ஆளைத் தொட விட மாட்டோம் என்றது. பாசம் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி கிடையாது.

விஜயதசமி காலையில் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முனிரத்தினத்துக்கு என் கையாலேயே இரண்டு இட்லி ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தேன். குப்புசாமியிடம் விழக் கூடாது என்று எழுதி வாங்காத குறை. பிறகு ஆரோக்கியசாமி வந்தான். அவன் அந்த முழங்காலோடு பின்னால் கம்பம் மாதிரி நின்று கத்துவதோடு சரி, அதனால் அவனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. ஆனால் வலது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு பட்டை போட்டிருந்தான். இந்த விளையாட்டுப் பையன்கள் வியர்வைக்குப் போடுவார்களே, அது. உலை வேலை பார்த்தவன். வாட்ச்கூடக் கட்டாத ஆள்.

"கையில என்ன?" என்றேன்.

"பேரன் குடுத்தான். ஸ்டைலு."

ஃபாரத்தில் அவன் பெயரை எழுதினேன். "கையில என்ன?"

"சுளுக்கு, டிஞ்சர். கிணத்துல தண்ணி சேந்தினேன்."

அவன் ஊரில் எல்லோரும் மோட்டார் போட்டு இருபது வருஷம் ஆகிறது. என் மச்சானுக்குப் போன வருஷம் மணிக்கட்டு வழியாகத்தான் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தார்கள். பேனாவை மூடினேன். "கையில என்ன?"

அவன் குப்புசாமியைப் பார்த்தான். குப்புசாமி வானத்தைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆரோக்கியசாமி தானே பட்டையைக் கீழே இறக்கினான். மணிக்கட்டிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஊதாவாகக் கன்றிப்போயிருந்தது.

"பெங்களூர்ல பாத்தாங்க. ரெண்டு எடத்துல அடைப்பாம். திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"வூட்ல தெரியுமா?"

"பொண்ணுக்குத் தெரியும்."

"ஓடலாம்னாங்களா?"

"மெதுவா நடக்கலாம்னாங்க."

"ஃபுட்பால் ஆடலாம்னாங்களா?"

"ஃபுட்பாலப் பத்தி நான் கேக்கல."

பையிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு முனிரத்தினம், "இவன் எப்பவும் இப்படித்தான், எல்லாத்துக்கும் பயம்," என்று கன்னடத்தில் குப்புசாமியிடம் சொன்னான். இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் எனக்குக் கன்னடம் புரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். குப்புசாமி குனிய முடியாமல் என் காது வரைக்கும் குனிந்து, "அவன் நிக்கத்தான போறான். போடு கையெழுத்த, உடு," என்றான்.

நான் ஃபாரத்தில் எழுதினேன். 'ஆரோக்கியசாமி. இதயத்தில் அடைப்பு. வலது கையில் குழாய் விட்ட காயம். ஆடக் கூடாது.' இந்த முறை எதையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டு, அவர்கள் பிடுங்குவதற்குள் பர்சனல் ஆபீசரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினோரு பேரும் என்னை ஏசினார்கள். எதிர் டீம் ஆட்கள், பாவம், என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றார்கள். முதல் உதையைக் கேப்டன் உதைக்காவிட்டால் ஆட்டமே வேண்டாம், பூஜைப் பந்து என்று சண்டை. கடைசியில் நான் இறங்கி வந்தேன். ஒரு உதை. நின்ற இடத்தில். உடனே வெளியே வந்துவிட வேண்டும். ஆரோக்கியசாமி மாதா மேல் சத்தியம் செய்தான்.

உதைத்தான். பந்து பத்தடி உருண்டது. இவன் அதன் பின்னாலேயே போகிறான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரெஃப்ரீயும் வேடிக்கை பார்க்கிறார். நான் துண்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். அறுபத்து நாலு வயதில் ஓடினேன். அவன் டீசர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்து, கூட்டம் சிரிக்கச் சிரிக்க இழுத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

பாதி நேரம் வரை கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்புசாமி விழுந்தான், தூக்கினார்கள். பிறகு ஆரோக்கியசாமி மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கு என் காலப் பாத்துட்டுத்தான் விட்ட."

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளி வெக்க மறந்துட்டேன்னு படியில நிக்கும்போதுதான் ஞாபகம் வந்திச்சு. செத்தோம்னு நெனச்சேன். நீ நேரா அதத்தான் பாத்த."

"அப்புறம் ஏன்டா இத்தன வருஷம் கேக்கல?"

"என்னாத்தக் கேக்கறது? நீ விட்டதாலதான ஆடுனேன்." பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "அன்னைக்கு விட்டவன்தான, இன்னைக்கும் விடுவேன்னு நெனச்சுத்தான் உன்னக் கேட்டு வாங்குனோம். ஏமாத்திட்ட."

கோபமாகத்தான் சொன்னான். அடுத்த நிமிஷம் ஆஃப்சைடு என்று கத்திக்கொண்டு எழுந்தான். நான் மறுபடி டீசர்ட்டைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்கு அதைப் பிடித்த பிடியை ஆட்டம் முடிகிற வரைக்கும் விடவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவனோடு நானும் போகிறேன். அவன் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். இவன் டாக்டர் கேட்காததைச் சொல்ல மாட்டான், கேட்டதையும் சொல்ல மாட்டான். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் டாக்டர் மேடத்துக்கு இந்த மலர் போகுமா என்று எனக்குத் தெரியாது. போனால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சீட்டில் எழுத வேண்டியது 'இடது'. பார்த்துத்தான் விட்டேன், மேடம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று ஆரோக்கியசாமியை போனில் கேட்டேன். "முழங்கால எழுது, மணிக்கட்ட எழுது, எல்லாத்தையும் எழுது," என்றான். "ஆனா அந்தக் கார்னர்ல நான் முட்டின பந்து சென்டர் லைனத் தாண்டிப் போச்சுன்னும் எழுது. உனக்குத்தான் தெரியும்ல."

எழுதிவிட்டேன். அவன் சொல்கிறான், தாண்டிப் போனதாம். பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.